வால் தூக்கிய சிலிண்டர்கள்

"அந்த ரெண்டு சிலிண்டரையும் என்கிட்ட கொடுங்க, டோன் ரொசெந்தோ."

டோன் ரொசெந்தோவின் கையிலிருந்த தோர்த்தா ரொட்டி வாய்க்குப் போகிற வழியிலேயே நின்றுவிட்டது. பன்றிக்கறியின் சிவப்புச் சாறு மணிக்கட்டில் வழிந்தது. அவர் துடைக்கவில்லை.

இதை மட்டும் கேட்கக் கூடாது என்று சொல்லித்தான் லிஹியா உய்காப்பை அனுப்பியிருந்தார்கள். அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் அவளுடைய மேலதிகாரி செர்வேரா காலையில் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "எக்-ஹாவுக்குப் போ. ரொசெந்தோகிட்ட என்ன வேணா கேளு. சிலிண்டரைக் கேட்காதே. அது முடிஞ்ச விஷயம்." ஏன் என்றதற்கு, "படிச்ச பொண்ணுதானே, புரிஞ்சுக்கோ" என்றார். படித்ததால்தான் புரியவில்லை என்று நாக்கு நுனி வரை வந்ததை லிஹியா விழுங்கிக்கொண்டாள். விழுங்கியது செரிக்கவில்லை.

"சிலிண்டர் எதுக்கு, லிசென்சியாதா?" என்றார் டோன் ரொசெந்தோ. பட்டம் வாங்கியவர்களை மரியாதையாகக் கூப்பிடுகிற அந்தச் சொல் அவர் வாயில் எச்சில் மாதிரி வந்தது. உய்காப் வீட்டில் அதற்கு முன் யாரும் பள்ளிக்கூடத்தையே தாண்டியதில்லை என்பது அவருக்குத் தெரியும். எக்-ஹாவின் இதே செனோத்தே நீர்க்குழியின் ஈரப்படிகளில், முக்குளிக்க வரும் சுற்றுலாக்காரர்களின் காற்றுச் சிலிண்டரை இடுப்பிலும் தோளிலும் சுமந்து ஏறித்தான் அவள் சட்டம் படித்தாள் என்பதும் தெரியும். சுமை கூலியை அவர்தான் கொடுத்தார்.

"எல்சி உள்ள இருக்கா. அதுக்கு."

போன வாரம் எக்-ஹாவின் தண்ணீர்க் குகைக்குள் எவெலியோ சான் பிணமாகக் கிடந்தான். இந்தக் காட்டுப் பக்கத்திலேயே கவனமான வழிகாட்டி அவன். விலாவில் மாட்டியிருந்த இரண்டு சிலிண்டரிலும் காற்று இல்லை. டோன் ரொசெந்தோவின் கம்ப்ரசரில் காற்று நிரப்புகிறவள் எவெலியோவின் மனைவி எல்சி. முந்தின நாள் இருவருக்கும் வாய்ச்சண்டை. போதாதா? புருஷனுக்குப் பாதி நிரப்பி அனுப்பிக் கொன்றாள் என்று எழுதிவிட்டார்கள். இன்று பிற்பகல் நீதிபதி முன்னால் நிறுத்துவார்கள். அவர் தலையாட்டினால் மாலைக்குள் பெரிய சிறை.

"பாஸ் சொல்றதை நான் சுருக்கமா சொல்றேன், டோன்" என்று வாசற்படியிலிருந்து குரல் கொடுத்தான் வில்பெர்த் போத், லிஹியாவின் உதவியாளன். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. "எல்சி குத்தவாளின்னா கம்ப்ரசர் குத்தவாளி. கம்ப்ரசர் குத்தவாளின்னா, அது யாரோடதுன்னு அடுத்து கேப்பாங்க. அந்த தோர்த்தாவைச் சாப்பிடப் போறீங்களா, இல்ல பிரேம் போட்டு மாட்டப் போறீங்களா?"

டோன் ரொசெந்தோ தோர்த்தாவைக் கீழே வைத்தார். பிறகு சாவிக்கொத்தை மேசைமேல் தள்ளினார்.

"கொட்டகையில இருக்கு. மேல கொண்டுவந்தபடியே. நான் தொடல. செர்வேரா கேட்டா, நீ பூட்டை உடைச்சேன்னு சொல்லுவேன்."

"உடைச்சேன்னே சொல்லுங்க."

*

இரண்டும் அலுமினியச் சிலிண்டர்கள். பச்சை வண்ணம். அடிப்பக்கத்தில் கையகலத்துக்கு மஞ்சள் பட்டை. எவெலியோவை இருட்டில் அடையாளம் தெரியட்டும் என்று எல்சி தன் கையால் அடித்தது. கழுத்தில் ரப்பர் கயிறு மாட்டுகிற இடம், நடுவில் இறுக்கிய பட்டை, பட்டையில் தொங்கும் பித்தளைக் கொக்கி. எல்லாம் அப்படியே இருந்தன. மஞ்சளில் ஒரு கீறல் இல்லை. லிஹியா அந்த மஞ்சளை விரலால் தடவிப் பார்த்தாள்.

காலையில் காவல் அறையில் பார்த்த எல்சி நினைவுக்கு வந்தாள். வீட்டில் கைக்குழந்தை. எல்சியின் சட்டை மார்பில் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்திருந்தது. தன்னை எப்போது விடுவார்கள் என்று அவள் கேட்கவில்லை. "மூச்சுக்குத் தவிச்சா செத்தான்?" என்று மட்டும்தான் கேட்டாள். லிஹியா கோப்பைப் புரட்டினாள்; அதில் அது எழுதியிருக்கவில்லை.

"வில்பெர்த், கடைச் சிலிண்டர்ல ஒண்ணு நிறைஞ்சது, ஒண்ணு காலி. எடுத்துட்டு தண்ணிக்கு வா."

"பாஸ், எனக்கு நீச்சல் தெரியாது."

"முழங்கால் தண்ணிதான்."

"யார் முழங்கால்னு முதல்ல சொல்லுங்க."

செனோத்தேயின் ஓரத்தில், மரவேர்கள் தொங்குகிற நிழலில், இருவரும் இறங்கினார்கள். லிஹியா நிறைந்த சிலிண்டரைத் தண்ணீருக்குள் விட்டாள். அது நல்ல பிள்ளையாக மணலில் படுத்துக்கொண்டது. காலியை விட்டாள். தலைப்பக்கம், வால்வின் கனத்தில், கீழேயே நின்றது. அடிப்பக்கம் மெல்ல எழும்பி, தண்ணீரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து ஆடியது.

"வாத்து மாதிரி இருக்கு" என்றான் வில்பெர்த். "தலையை உள்ள விட்டுட்டு பின்பக்கத்தைக் காட்டுது."

"அலுமினியத்தோட குணம் அது. நம்ம தண்ணிக்கு மெல்லிசு ரப்பர் உடுப்பு போதும். அதோட ரெண்டு இரும்புச் சிலிண்டரை மாட்டினா அடியிலதான் தவழணும். அதனால இங்க எல்லாரும் அலுமினியம். முதுகுல இல்ல, விலாவுல, பக்கத்துக்கு ஒண்ணு. அப்பதான் இடுக்குல தட்டையாப் புகுந்து போகலாம். ஆனா காத்து குறையக் குறைய வாலைத் தூக்கும். தூக்கினா கூரையில இடிக்கும், சேத்தைக் கலக்கும், ஆளே திரும்ப முடியாது."

"அப்போ?"

"பாதி குறையறப்பவே பின்னால மாட்டியிருக்கிற கொக்கியைக் கழட்டி, இடுப்புக்கு முன்னால இருக்கிற வளையத்துல மாட்டுவாங்க. வால் அடங்கிரும். இந்த ஊர்க்காரன் யாரும் அதை யோசிச்சுச் செய்யறதில்ல. கொசு கடிச்சா கை தானாப் போகுதுல்ல, அது மாதிரி."

அவள் கோப்பிலிருந்து புகைப்படத்தை எடுத்தாள். உடலைத் தொடுவதற்கு முன்னால் குகைக்குள் எடுத்த படம். எவெலியோ சேற்றில் குப்புறக் கிடந்தான். இரு விலாவிலும் சிலிண்டர்களின் வால் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கொக்கி எங்க மாட்டியிருக்கு, பாரு."

வில்பெர்த் கண்ணைச் சுருக்கினான். "பின்னால. ரெண்டும்."

"காத்து முழுக்கத் தீர்ந்திருக்கு. ஆனா கொக்கி ரெண்டும் நிறைஞ்ச சிலிண்டருக்கு மாட்டற இடத்துல இருக்கு."

வில்பெர்த் படத்தையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தான். தண்ணீரில் காலிச் சிலிண்டரின் வால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"அப்போ அவர் நீந்தி காத்தைத் தீர்க்கல" என்றான் கடைசியில்.

"நீந்த ஆரம்பிக்கவே இல்ல. பின்மண்டையில காயம் இருக்கு. பதட்டத்துல கூரையில இடிச்சதுன்னு அறிக்கையில எழுதியிருக்கு. கரையில எல்லாத்தையும் மாட்டிட்டு, குனிஞ்சு காலுக்குத் துடுப்பைப் போடறப்போ எவனோ அடிச்சிருக்கான். உள்ள இழுத்துட்டுப் போய், சிலிண்டரைத் திறந்து விட்டிருக்கான். எல்சி முழுசாத்தான் நிரப்பியிருக்கா."

"எதுக்கு பாஸ்? எவெலியோ யார் சோத்துல மண்ணைப் போட்டார்?"

"அந்தப் புது ஹோட்டல் சோத்துல. குகை வழியா அவங்க அஸ்திவாரத்துக்கு அடி வரைக்கும் போயிருக்கான். கழிவுக் குழாய் நேரா நம்ம குடிதண்ணியில வந்து முடியறதைப் பார்த்திருக்கான். ஊர்க்கூட்டத்துல சொல்றேன்னு எல்சிகிட்ட சொன்னான். வேண்டாம்னா அவ. அதுதான் அந்தச் சண்டை."

வில்பெர்த் தலையைச் சொறிந்தான். "அந்த ஹோட்டலுக்கு அடியில குகையே இல்லைன்னு சான்று கொடுத்தது நம்ம ரமிரோ மாஸ்டர் ஆச்சே."

"இந்தப் படத்தை எடுத்ததும் ரமிரோ மாஸ்டர்தான். எல்சியை உள்ள வச்ச அறிக்கையும் அவரோடதுதான்."

"அவரையா சந்தேகப்படறீங்க? எங்க பெரியம்மா அவர் படத்தை மாதா படத்துக்குப் பக்கத்துல மாட்டி வச்சிருக்கா. எத்தனை பேர் பிள்ளைங்க பொணத்தைக் குகையிலேருந்து கொண்டுவந்து கொடுத்திருக்கார்."

"அதனாலதான் நேராப் போய்க் கேக்கறேன். 'தப்பாப் பார்த்துட்டேன், திருத்திடறேன்'னு சொன்னார்னா நான் அவர் காலைத் தொட்டுக் கும்பிடறேன். வேற ஏதாவது சொன்னார்னா, உனக்குப் பசிக்குதான்னு கேப்பேன். சிலிண்டர் ஜீப்லயே இருக்கட்டும். நீ உடனே கோர்ட்டுக்கு ஓட்டு. எல்சியோட வக்கீல் முன்னால வச்சு நீதிபதிகிட்ட ஒப்படை. எனக்காக நிக்காதே."

"நீங்க எப்படி வருவீங்க?"

"கால் இருக்கு."

*

ரமிரோ இந்தெரியானின் பட்டறையில் ரப்பர் வாசமும் காப்பி வாசமும் கலந்து வந்தன. சுவரோரம் குட்டையான, கறுத்த இரும்புச் சிலிண்டர்கள் ஜோடி ஜோடியாக நின்றன. புளோரிடாவின் குளிர்ந்த குகைகளில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, வரும்போது அவற்றையும் கொண்டுவந்தவர். தண்ணீர் புகாத கனமான உலர் உடுப்பு, இரும்பு. இந்த ஊரில் அவர் ஒருவர்தான் அப்படி. எவெலியோவின் சவப்பெட்டிக்கு முன்தோள் கொடுத்தவரும் அவர்தான்.

"வாம்மா. என் சிலிண்டரைத் தூக்கின பொண்ணு, இப்போ சட்டத்தைத் தூக்குது."

"சட்டம்தான் கனம் ஜாஸ்தி, மாஸ்டர்."

"என் இடுப்பைக் கேட்டா ரெண்டுமே கனம்" என்றபடி வில்பெர்த் வாசலிலேயே ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தான். வாளி முனகியது.

லிஹியா சுற்றி வளைக்கவில்லை. படத்தை நீட்டினாள். கொக்கிகளைக் காட்டினாள். "எவெலியோ மாதிரி ஆள் கொக்கியை மாத்தாம காத்தைத் தீர்ப்பானா?"

ரமிரோ படத்தை வாங்கிப் பார்த்தார். அதிக நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். குழந்தையிடம் சிரிப்பது போல.

"கெட்டிக்காரி. ஆனா ஒண்ணு உனக்குத் தெரியல. எவெலியோ கொக்கியை மாத்தற ஆளே இல்ல. வாலுக்கு ஈயம் கட்டிக்குவான். சின்னக் கட்டி, பட்டை போட்டு. ஈயம் கட்டினா அலுமினியம் கடைசி வரைக்கும் அடக்கமா இருக்கும். நெறைய பேர் செய்யறதுதான்."

"அறிக்கையில ஈயம் பத்தி இல்லையே."

"உடம்பை மேல கொண்டுவர லேசா இருக்கட்டும்னு நான்தான் கழட்டினேன். எழுத விட்டுப்போச்சு. வயசாகுதில்ல." அவர் எழுந்து போய் அலமாரியிலிருந்து பட்டை கோத்த இரண்டு ஈயக்கட்டிகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "இந்தா. இதுதான். எடுத்துட்டுப் போ. நானே கொடுத்தேன்னு எழுதிக்கோ."

லிஹியா அந்தக் கட்டிகளைப் பார்த்தாள். ஒரு கணம், அது உண்மையாக இருந்துவிடட்டும் என்றுகூட நினைத்தாள்.

"வில்பெர்த், பசிக்குதா?"

"பொறந்ததுலேருந்து, பாஸ்." அவன் எழுந்தான். வாளி விடுதலை அடைந்தது. ஜீப் உறுமி, செம்மண் பாதையில் தேய்ந்து மறைந்தது.

"பாவம், நல்ல பையன்" என்றார் ரமிரோ.

"மாஸ்டர், ஈயத்தைக் கழட்டினது படம் எடுக்கறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னால. படம் எடுக்காம நான் எந்தப் பொணத்தையும் தொட்டதில்ல. ஊருக்கே தெரியும்."

"அப்போ இந்தப் படத்துல ஈயம் இருக்கணும்."

"வால் பக்கம் இருட்டும்மா. தெரியாது."

"ஈயம் தெரிய வேண்டாம். வால் தெரியுதே. ஈயம் கட்டின வால் எதுக்குக் கூரையைப் பார்க்குது?"

பட்டறைக்குப் பின்னால் எங்கோ ஒரு கோழி கொக்கரித்து ஓய்ந்தது. ரமிரோ படத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். ரொம்ப மெதுவாக, அதற்கு வலிக்கும் என்பது போல.

இதுவரை 'நீங்க' என்று பேசியவள் அந்த இடத்தில் அதை விட்டாள்.

"நீ இத்தனை வருஷம் இரும்பு மாட்டினவன். இரும்பு வாலைத் தூக்காது. காலியானாலும் கனம் போகாது. கொக்கியை மாத்தற வேலையே உனக்கு இல்ல. உன் கைக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அதனால எவெலியோ சிலிண்டரைத் திறந்து விட்டப்போ, வால் எழும்பறதைப் பார்த்து, சரி, காலியாயிருச்சுன்னு படம் எடுத்துட்டே. இங்க சிலிண்டர் சுமக்கிற எந்தப் பையனும் அந்தத் தப்பைச் செய்யமாட்டான்."

"யார்கிட்ட சொல்லப் போறே, லிஹியா?" அவர் குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

"என்கிட்டதான் சொல்லணும்" என்றது இன்னொரு குரல்.

உள்ளறையின் திரையை விலக்கிக்கொண்டு செர்வேரா வந்தார். கையில் காப்பிக் கோப்பை. பாதி குடித்திருந்தார். பட்டறையில் காப்பி வாசம் ஏன் என்று வந்ததும் கேட்டிருக்க வேண்டும் என்று லிஹியா தன்னையே திட்டிக்கொண்டாள்.

"ரொசெந்தோ போன் பண்ணினார்" என்றார் செர்வேரா. "சொன்ன பேச்சைக் கேட்காத பொண்ணுன்னு தெரியும். இவ்வளவு புத்திசாலின்னு தெரியாது. உட்காரு."

"நிக்கறேன்."

"சரி, நில்லு. நானும் மனுஷன்தான். எல்சி உள்ள இருக்கறது எனக்கும் பிடிக்கல. இதோ பார், இப்பவே ஒரு வழி. எவெலியோ அசட்டையா இருந்துட்டான், கொக்கியை மாத்தல, மாட்டிக்கிட்டான், காத்து தீர்ந்துருச்சு. விபத்து. நீ கையெழுத்துப் போடு, ரமிரோ போடுவார், நான் போடுவேன். சாயங்காலம் எல்சி வீட்டுல இருப்பா. பிள்ளை பால் குடிக்கும். போடலையா? நீதிபதி ரமிரோ பேச்சை நம்புவாரா, உன் பேச்சை நம்புவாரா? யோசி."

லிஹியா யோசிக்கவே செய்தாள். நனைந்து காய்ந்த அந்தச் சட்டையை யோசித்தாள். ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். எத்தனை நேர்மை பேசினாலும், பால் கட்டிக்கொண்ட மார்பின் வலிக்கு நேர்மை மருந்தாகாது. செர்வேரா சொல்வது பொய் என்றால் கஷ்டமே இல்லை. அவர் சொன்னதைச் செய்வார். எல்சி வெளியே வருவாள். பிள்ளை வளரும். உங்க அப்பன் தன் அசட்டையால் செத்தான் என்று ஊர் அதற்குச் சொல்லிக்கொடுக்கும். குழாய் ஓடிக்கொண்டே இருக்கும். பிள்ளை அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கும். அடுத்து எவனாவது அந்த வழியாக நீந்திப் போனால், அவனையும் ரமிரோதான் படம் எடுத்து, மேலே கொண்டுவந்து, தாயின் கையில் கொடுத்து, முத்தம் வாங்கிக்கொள்வான்.

மூச்சுக்குத் தவித்தா செத்தான் என்று எல்சி கேட்டிருந்தாள். இப்போது பதில் இருந்தது: இல்லை, கரையிலேயே அவனுக்கு நினைவு போய்விட்டது. விபத்து என்று எழுதினால் அந்தப் பதிலை அவளிடம் சொல்ல முடியாது.

"சிலிண்டர் எங்கே?" என்றார் செர்வேரா. அப்போதுதான் வாசலைப் பார்த்தார். வாளி மட்டும் இருந்தது. "ஜீப் எங்கே?"

"கோர்ட்ல இருக்கும், இந்நேரம்."

கோப்பை மேசையில் இறங்கியது.

"அடியில எல்சி அடிச்ச மஞ்சள் பட்டை இருக்கு. ஈயம் கட்டினா அந்த இடத்துலதான் கட்டணும். ஒரு கீறல் இல்ல. அதை நீதிபதி தண்ணியில இறங்காமலேயே பார்க்கலாம்." அவள் படத்தை எடுத்துக் கோப்பில் வைத்தாள். ஈயக்கட்டி இரண்டையும் பட்டையோடு சேர்த்துத் தூக்கினாள். "இதை மாஸ்டரே கொடுத்தார். எழுதிக்கச் சொன்னார்."

"லிஹியா." செர்வேராவின் குரல் தாழ்ந்தது. "நான் பேசறதைக் கேட்கறதுக்கு முன்னாலயே அவனை அனுப்பிட்டியா? நான் என்ன சொல்லுவேன்னு தெரியாமலா?"

"நீங்க இங்க இருக்கீங்கன்னே தெரியாது. தெரிஞ்சிருந்தா ரெண்டு பேர் பேரையும் அப்பவே எழுதிக் கொடுத்திருப்பேன்."

"இந்த வாசலைத் தாண்டினா உனக்கு வேலை இல்ல. வேலையோட போகாது, அதுவும் தெரியும்ல. படிச்ச படிப்பு குப்பைக்குப் போயிரும். என்ன செய்வே?"

"எனக்குச் சிலிண்டர் தூக்கத் தெரியும்."

ரமிரோ தலையை நிமிர்த்தவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வெயில் வெள்ளையாக அடித்தது. ஈயம் உள்ளங்கையை அறுத்தது. வாளியைக் காலால் ஒதுக்கிவிட்டு லிஹியா செம்மண் பாதையில் இறங்கினாள். நெடுஞ்சாலை வரை நடந்தால் வேன் கிடைக்கும். வேன் கோர்ட்டு வாசலில் நிற்கும். அங்கே ஒருத்திக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பின்னால் கூப்பிட்டார்கள். அவள் நடையைக் குறைக்கவில்லை.